கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குத் தனியே மோட்டார் சைக்கிளில்: பொறுமை பழக ஒரு வழிகாட்டி

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்கு, அதாவது தன் மரவரிசைக்குப் போய்விடுவார். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெட்டியவுடன் எடுத்துக்கொண்டு வந்துவிடவும் முடியாது. சொட்டுச் சொட்டாக மங்கு என்னும் கிண்ணம் நிறையும்வரை காத்திருந்து, பிறகுதான் வாளியில் ஊற்ற வேண்டும். மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு கிடையாது.

தனியாக மோட்டாரில் நெடுந்தூரம் போகத் தொடங்கிய பிறகுதான் பாட்டியின் அந்த வேலைநாள் எனக்குப் புரிந்தது. அவர் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை, வீட்டில் அவருக்குச் சட்டென்று கோபம் வரும். ஆனால் எப்போது தொடங்குவது, எங்கே நிற்பது, எதற்குக் காத்திருப்பது என்பதெல்லாம் அவர் வேலையிலேயே முன்கூட்டித் தீர்மானமாகி இருந்தது. அதனால் நிரையில் அவர் அவசரப்பட வேண்டி வரவில்லை.

நெடும்பயணப் பொறுமையும் அப்படித்தான். சாலையில் எரிச்சல் வந்த பிறகு அதை வரவழைக்க முடியாது. வீட்டிலேயே அதற்கு நேரம் ஒதுக்கிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். கப்சாயில், அதாவது சிறிய இஞ்சின் மோட்டார் சைக்கிளில், வேலைக்குப் போய் வந்து பழகியவர், ஆனால் நூறு கிலோமீட்டர் தாண்டித் தனியே போனதில்லை என்பவருக்காக இதை எழுதுகிறேன்.

ஹைவேயா, பழைய ரோடா?

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு இரண்டு வழி. ஒன்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலை. மோட்டாருக்கு டோல் இல்லை, ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மற்றது பழைய ரோடு, அதாவது கூட்டரசு சாலை 1. ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார், ஈப்போ, கோலகங்சார், பாகான் செராய், நிபோங் திபால் என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டு போகும்.

முதல் பயணத்துக்குப் பழைய ரோட்டைத்தான் நான் சொல்வேன். 110 என்று வேக வரம்புள்ள ஹைவேயில் கப்சாய் எப்போதும் இடது ஓரத்தில், லாரிக்கும் பேருந்துக்கும் வழிவிட்டபடியே போக வேண்டியிருக்கும். பின்னாலிருந்து வரும் வேகம் நம்மையும் முறுக்கச் சொல்லும். குவா தெம்புரோங் குகைப் பக்கம் குறுக்குக் காற்று தள்ளும், ஈப்போ தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறி இறங்கும் மலைப்பகுதி புதியவர் கையை இறுக்கிவிடும். பழைய ரோட்டில் அரைமணிக்கு ஓர் ஊர் வரும். சமிக்ஞை விளக்கு, பள்ளிக்கூடம், சந்தை என்று அதுவே நம் வேகத்தைக் குறைத்துவிடும். நிற்க நினைத்தால் நிழலும் கடையும் இருக்கும்.

ஒரே சங்கடம், நடுவில் தடுப்பு இல்லாமல் எதிர்வண்டிகளும் அதே சாலையில் வரும். முந்துவதில்தான் ஆபத்து. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று பயணமாகப் பழகுங்கள்

எடுத்த எடுப்பில் பினாங்கு வேண்டாம். முதல் ஞாயிறு தஞ்சோங் மாலிம்வரை போய்த் திரும்புங்கள். செந்தூல் பக்கமிருந்து கிளம்பினால் போக எழுபத்தைந்து, வர எழுபத்தைந்து. அங்கே பாவ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இந்தப் பயணத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: எத்தனையாவது கிலோமீட்டரில் உங்களுக்குப் பொறுமை போகிறது? சிலருக்கு முதுகு வலிக்கும்போது போகும், சிலருக்குப் பசியில், சிலருக்கு வீடு நெருங்கும்போது. எனக்கு ஐம்பத்தைந்தாவது கிலோமீட்டரில், வலது உள்ளங்கை மரத்துப்போகிற அந்த இடத்தில் போகும். அது தெரிந்த பிறகு ஐம்பதிலேயே நிற்கத் தொடங்கினேன்.

இரண்டாவது பயணம் ஈப்போ, ஒரு ராத்திரி தங்கல். போக இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அடுத்த நாள் கையும் முதுகும் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்குத்தான் தங்கல். மூன்றாவதுதான் பினாங்கு. அதையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள். பழைய ரோட்டில் சராசரி மணிக்கு ஐம்பது கிலோமீட்டர்தான் கிடைக்கும். ஓட்டம் மட்டுமே ஏழு மணி நேரத்துக்கு மேல். நிற்பது, சாப்பாடு, மழை எல்லாம் சேர்த்தால் பத்து. ஈப்போவிலோ தைப்பிங்கிலோ படுத்து எழுந்து போனால் இரண்டு நாளும் கையில் வெளிச்சம் இருக்கும்போதே ஓட்டம் முடிந்துவிடும்.

நேரத்தை இப்படித் தாராளமாக வைப்பதைச் சோம்பேறித்தனம் என்று நண்பர்கள் சொல்லலாம். சொல்லிவிட்டுப் போகட்டும். நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார்க்காரர்கள். அவர்களில் எத்தனை பேர் அன்றைக்குப் பத்து நிமிடம் தாமதமாகியிருந்தார்கள் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும்.

வண்டி

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போமெனிடம், அதாவது மெக்கானிக்கிடம், கொடுத்துவிடுங்கள். முதல் நாள் மாலையில் கொண்டுபோனால் அவருக்கும் அவசரம், உங்களுக்கும் அவசரம். இஞ்சின் எண்ணெய் மாற்றம், பிரேக் பட்டை, டயர் பூ, பின்விளக்கு, சங்கிலித் தளர்வு ஆகியவற்றை நீங்களும் கூட நின்று பாருங்கள். சங்கிலி எவ்வளவு தொய்யலாம் என்று வண்டிக் கையேட்டில் இருக்கும். அதிகம் இறுக்கினாலும் ஆகாது. டயர் காற்றை வண்டி சூடாவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயர் கூடுதலாகக் காட்டும்.

பையில் போட வேண்டியவை: உங்கள் வண்டி டியூப் போட்டதென்றால் முன்சக்கரம், பின்சக்கரம் இரண்டின் அளவிலும் ஒவ்வொரு டியூப், பிளக் கழற்றும் சாவி, சின்ன காற்றுப் பம்பு, மேலும் கீழும் தனித்தனியாக உள்ள மழைக்கோட்டு, சங்கிலி எண்ணெய், ஒரு பழைய துணி, ரொக்கமாக இருநூறு வெள்ளி (ரிங்கிட்). சாலை வரி இப்போது கைப்பேசிச் செயலியிலேயே இருக்கிறது, ஆனால் கைப்பேசி நனைந்தால் அதுவும் போச்சு. ஆகவே மைகார்டு (அடையாள அட்டை), லைசென்ஸ், காப்புறுதித் தாள் இவற்றின் நகலை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு இருக்கைக்கு அடியில் வையுங்கள். ஹெல்மட்டில் சிரிம் தர முத்திரை இருக்கட்டும். முகக்கண்ணாடி கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கீறல் விழுந்த கண்ணாடியில் மாலை வெயில் படும்போது வரும் எரிச்சல் சாதாரணமானதில்லை.

இவ்வளவு போதும். பயணத்துக்கென்று புதிய பொருளெல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம்.

நிற்கும் ஊர்களை எழுதி ஒட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டமாகப் போனால் யாராவது ஒருவர் ‘டேய், தண்ணி குடிச்சிட்டுப் போவோம்’ என்பார். தனியாகப் போகும்போது அந்தக் குரல் இல்லை. ‘இன்னும் கொஞ்ச தூரம் போய் நிற்கலாம்’ என்ற குரல் மட்டும்தான் இருக்கும். அது எப்போதும் நியாயமாகத்தான் கேட்கும். வண்டி நன்றாக ஓடுகிறது, வெயில் இல்லை, சாலை காலி, ஏன் நிற்க வேண்டும்? அப்படி இரண்டு நிறுத்தத்தை விட்டவர் மூன்றாவதில் இறங்கும்போது கால் தரையில் நிலைக்காது.

அதனால் முதல் நாள் இரவே வீட்டு மேசையில் உட்கார்ந்து நிறுத்தங்களைத் தீர்மானித்துவிடுங்கள். பெயிண்ட் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டும் காகித டேப் இருக்கிறதே, அதில் ஒரு சாண் கிழித்து, மீட்டருக்குக் கீழே ஒட்டி, தடித்த பேனாவால் மேலிருந்து கீழாக எழுதுங்கள். என்னுடையது இப்படி இருக்கும்: ரவாங், தஞ்சோங் மாலிம், சுங்கை, பீடோர், கம்பார், ஈப்போ. இரண்டாம் நாளுக்கு இன்னொரு டேப்: சுங்கை சிப்புட், கோலகங்சார், தைப்பிங், பாகான் செராய், நிபோங் திபால், பட்டர்வொர்த்.

எழுதிய ஊரில் நிற்க வேண்டும். களைப்பு இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். ஹெல்மட்டைக் கழற்றி, கையுறையைக் கழற்றி, பத்து நிமிடம் காலால் நடக்க வேண்டும். நின்ற இடத்தில் நான்கு காரியம்: தண்ணீர் குடிப்பது, சங்கிலியையும் டயரையும் ஒரு பார்வை பார்ப்பது, பெட்ரோல் எண்ணெய் அளவைப் பார்ப்பது, வீட்டுக்கு ஊர்ப் பெயரை மட்டும் ஒரு செய்தியாக அனுப்புவது. கப்சாயின் தொட்டி நாலு லிட்டரைச் சுற்றித்தான். பாதி குறைந்ததுமே ஊற்றிவிட்டால் அந்தக் கவலையும் மண்டையில் ஏறாது.

வீட்டில் ஒருவரிடம் மட்டும் இந்தப் பட்டியலைக் கொடுத்துவையுங்கள். அடுத்த ஊர்ப் பெயர் வரத் தாமதமானால் எவ்வளவு நேரம் பொறுத்து அழைக்க வேண்டும் என்றும் பேசி வையுங்கள். என் அம்மாவுக்கு இரண்டு மணி நேரம். அதற்கு முன்னால் அழைக்க மாட்டார், நானும் ஓட்டிக்கொண்டே கைப்பேசியைத் தேட வேண்டியதில்லை.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. அறுபது கிலோமீட்டரை 75இல் ஓட்டினால் நாற்பத்தெட்டு நிமிடம். 90இல் ஓட்டினால் நாற்பது. மிச்சம் எட்டு நிமிடம், ஒரு கோப்பை தே தாரிக் ஆறுகிற நேரம். ஆனால் 60இலிருந்து 90க்குப் போனாலே பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் இரண்டேகால் மடங்காகிவிடும். இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள். அப்புறம் கையே தானாக இறங்கும்.

கிளம்பும் காலை

விடியற்காலை, இருட்டு கலையும் நேரத்தில் கிளம்புங்கள். நம் ஊரில் ஏழு மணிக்கு ஒட்டித்தான் வெளிச்சம் வரும். ஆறரைக்கு ஹெல்மட் மாட்டினால் சரியாக இருக்கும். வண்டியை முடுக்கிவிட்டு ஒரு நிமிடம் அப்படியே உட்காருங்கள். சத்தத்தைக் கேளுங்கள், இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள், கண்ணாடிகளைச் சரிசெய்யுங்கள். அந்த ஒரு நிமிடத்தைக்கூடக் கொடுக்க மனம் ஒப்பவில்லை என்றால் அன்றைக்கு எதையோ துரத்திக்கொண்டு கிளம்புகிறீர்கள் என்று அர்த்தம். உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

காலைச் சாப்பாடு வயிறு நிறைய வேண்டாம். ஒரு ரொட்டி சானாய் போதும். வாழை இலைச் சாப்பாட்டை ஓட்டம் முடிகிற ஊருக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் இலைபோட்டுச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி வெயிலில் ஓட்டினால் கண் தானாக மூடும். அதற்குப் பொறுமையும் உதவாது, காப்பியும் உதவாது. ஓரம் கட்டி இருபது நிமிடம் தூங்குவது ஒன்றுதான் வழி.

செம்பனை லாரிக்குப் பின்னால்

சிலிம் ரிவர் தாண்டினால் இரண்டு பக்கமும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். பழக்குலை ஏற்றிய லாரி முன்னால் ஐம்பதில் போகும். வளைவு, இரட்டைக் கோடு, எதிரில் வரிசையாகக் கார். புகை முகத்தில் அடிக்கும். நம் பின்னால் வந்த மோட்டார் ஒன்று சட்டென்று வெளியே எடுத்து முந்திவிட்டுப் போகும். அப்போது வலது மணிக்கட்டு துடிக்கும் பாருங்கள், அங்கேதான் இந்தப் பயணத்தின் முழுப் பாடமும் இருக்கிறது.

செய்ய வேண்டியது முதலில் பின்வாங்குவது. லாரியை ஒட்டிப் போனால் எதிரே வருவது தெரியாது. குலையிலிருந்து உதிரும் பழமும் சாலையில் படியும் எண்ணெய்ப் பிசுக்கும் கடைசி நொடியில்தான் கண்ணில் படும். லாரியின் பின்பக்கம் ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அந்தக் கம்பத்தை அடையும்போது நாலு எண்ணியிருக்க வேண்டும். மழையென்றால் எட்டு. அந்தத் தூரத்தில் புகையும் அடிக்காது, ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் நீங்களும் தெரிவீர்கள்.

பிறகு காத்திருங்கள். நேர்சாலை, விட்டுவிட்டு வரும் கோடு, எதிரே ஒன்றும் இல்லை, பக்கத்தில் சந்து இல்லை என்ற நான்கும் சேர்ந்தால் மட்டும் முந்துங்கள். மூன்றுதான் சேர்கிறதென்றால் இல்லை என்று அர்த்தம். சில நேரம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் லாரிக்குப் பின்னாலேயே போக நேரும். நேரட்டும். டேப்பில் அடுத்த ஊர் பீடோர்தானே? அங்கே எப்படியும் நிற்கத்தான் போகிறோம். லாரியை முந்திப் போய் அங்கே நின்றால், தண்ணீர் பாட்டிலைத் திறப்பதற்குள் அதே லாரி நம்மைக் கடந்து போகும். எனக்கு இது இரண்டு முறை நடந்தது.

மழை

மேற்குக் கரையில் மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் இடியோடு வரும். தைப்பிங் தீபகற்பத்திலேயே அதிகம் மழை பெய்கிற ஊர் என்று பெயரெடுத்தது, அங்கே எந்த மாதமும் நிச்சயமில்லை. காலையில் கிளம்பி இரண்டு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிட்டால் பாதி மழை தானாகத் தவிர்ந்துவிடும்.

தவிர்க்க முடியாத மழைக்கு ஒரே விதி: முதல் அரைமணி நில்லுங்கள். தொடக்கத்தில்தான் சாலை மிக வழுக்கும். நாள்பட்ட எண்ணெயும் தூசியும் தண்ணீரோடு குழைந்து மேலே வரும், பிறகுதான் கழுவிக்கொண்டு போகும். வெள்ளைக் கோடு, பாலத்து இரும்பு இணைப்பு, சாக்கடை மூடி மூன்றும் மழையில் சோப்பு மாதிரி.

இதை நான் ஒரு மேம்பாலத்தடியில் கற்றுக்கொண்டேன். ஹைவேயில் போன நாள் அது, தாப்பா பக்கம். மேம்பாலத்துக்குக் கீழே மோட்டார்க்காரர்கள் ஒதுங்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்றோம். பாலத்தின் விளிம்பிலிருந்து தண்ணீர் திரைபோல இறங்கிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் அந்தத் திரை நூலாக மெலிந்தது. எனக்குப் போதுமென்று தோன்றியது. மழைக்கோட்டை மாட்டினேன். பக்கத்தில் கல்மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், பழைய கப்சாய், பின்னால் காய்கறிக் கூடை கட்டியிருந்தார், வடக்குப் பக்கம் கையைக் காட்டி, ‘அங்கப் பாருங்க தம்பி, மலை தெரியலையே’ என்றார். பார்த்தேன், வானம் சாம்பலாக மூடியிருந்தது. இருந்தாலும் கிளம்பிவிட்டேன்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முன்னைவிடப் பெரிய மழைக்குள் நுழைந்துவிட்டேன். கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. இடது ஓரத்துக்கு ஒதுங்கும்போது பின்சக்கரம் வெள்ளைக் கோட்டில் ஏறி ஒரு முழம் பக்கவாட்டில் நகர்ந்தது. விழவில்லை. ஆனால் அடுத்த மேம்பாலத்தில் ஒதுங்கி ஹெல்மட் வாரைக் கழற்ற முடியாமல் விரல் நடுங்கியதை மறக்க முடியாது. அரைமணி கழித்து அந்தக் காய்கறிக் கூடைக்காரர் நனையாத சட்டையோடு என்னைக் கடந்து போனார்.

மழை மெலிந்ததா என்று காலடியில் பார்க்காதீர்கள். போகப்போகிற திசையில் மலையோ மரவரிசையோ தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கிளம்பலாம். பாட்டியும் வெட்டுக்குப் போவதற்கு முன்னால் வாசலில் நின்று மேற்கே பார்ப்பார். மழைக்கு முன்னால் அவசரப்பட்டு வெட்டிவிட்டால் மங்குக்குள் தண்ணீர் இறங்கிப் பால் எல்லாம் மரத்தடியில் வழிந்துவிடும், அன்றைய உழைப்பு மண்ணுக்கு.

ஓர் எச்சரிக்கை: ஒதுங்குவதென்றால் முழுதாக ஒதுங்குங்கள். பாலத்தடியில் சாலை ஓரத்திலேயே வண்டியை நிறுத்தி நிற்பவர்களைப் பின்னால் வரும் கார் மோதியதுண்டு. ஒதுங்குமிடம் இல்லையென்றால் அடுத்த எண்ணெய் நிலையம்வரை மெதுவாகப் போய்விடுவதே நல்லது.

பஞ்சரான அன்று

பினாங்குப் பயணத்தில் சிலிம் ரிவர் எட்டும்போது பின்டயர் இறங்கியது. பக்கத்தில் இருந்த கடையில் பத்தே நிமிடத்தில் டியூபை மாற்றிக் கொடுத்தார்கள். எனக்கும் சந்தோஷம். ‘சீக்கிரம் ஆச்சே’ என்று காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். சுங்கை வருவதற்கு முன்னால் அதே டயர் மறுபடியும் இறங்கிவிட்டது.

உச்சி வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த கடையில் ஒரு சீனப் பெரியவர் மீ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், டயரைப் பார்த்தார். ‘துங்கு செகெஜாப்’ என்றார், கொஞ்சம் இரு என்று. மறுபடியும் மீயைச் சாப்பிடத் தொடங்கினார். கிண்ணத்தைக் கழுவி வைத்தார், கையைக் கழுவினார். எனக்கு உள்ளே கொதித்தது. ஏற்கெனவே ஒரு மணி நேரம் போய்விட்டது.

பிறகு சக்கரத்தைக் கழற்றினார். டியூபை உருவினார், காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிச் சுற்றினார். குமிழ் வந்த இடத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. அதோடு ஒட்டுப் போட்டுவிடுவார் என்று நினைத்தேன். இல்லை. டியூபை டயர் மேல் வைத்து, காற்றுக்குழாய் இருந்த இடத்திலிருந்து அளந்து, ஓட்டை டயரில் எங்கே வரும் என்று பார்த்தார். ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து டயரின் உள்பக்கம் மெதுவாகத் தடவிக்கொண்டே வந்தார். ஒரு சுற்று, ஒன்றும் இல்லை. திசையை மாற்றி இன்னொரு சுற்று. பஞ்சு ஓரிடத்தில் சிக்கியது. அந்த இடத்தைக் குறட்டால் பிடித்து இழுத்தார். முடியைவிடச் சற்றே தடித்த ஒரு எஃகுக் கம்பி, அரை அங்குலம்கூட இருக்காது. வெடித்த லாரி டயரிலிருந்து சாலையில் சிதறுகிற கம்பி. முதல் கடையில் டியூபை மாற்றியவர்கள் டயருக்குள் பார்க்கவில்லை. நானும் பாருங்கள் என்று சொல்லவில்லை.

கம்பியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் ஒட்டுப் போட உட்கார்ந்தார். அதற்கும் பசை காயும்வரை காத்திருந்தார், ஊதிக்கூடப் பார்க்கவில்லை. மொத்தம் ஐம்பது நிமிடம். அந்த ஒட்டு பினாங்கு போய் வீடு திரும்பும்வரை தாங்கியது.

இதிலிருந்து புதியவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய வேலைமுறை: டயர் இறங்கினால் ஏறி ஓட்டாதீர்கள், தள்ளுங்கள், இல்லையென்றால் விளிம்பு வளையும். எந்தக் கடையானாலும் ‘உள்ளே என்ன குத்தியிருக்கிறது என்று பாருங்கள்’ என்று கேளுங்கள். குத்தியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டயரை மூட விட வேண்டும். அப்புறம், போன நேரத்தைச் சாலையில் பிடிக்க நினைக்காதீர்கள். நான் அன்று தைப்பிங்வரை போவதாக இருந்தேன். ஈப்போவிலேயே தங்கிவிட்டேன். அறைக்கு அறுபது வெள்ளி கூடுதல் செலவுதான், ஆனால் பிரச்சினை அதோடு முடிந்தது.

யாராவது குறுக்கே விழுந்தால்

கார் ஒன்று உரசுவதுபோல் வெட்டிவிட்டுப் போகும். கூடவே துரத்திப் போய் நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு அந்த நேரத்தில் தோளைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. ஆகவே ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: கோபம் வந்தால் அடுத்த எண்ணெய் நிலையத்தில் வண்டியை நிறுத்துவது. டேப்பில் அந்த ஊர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஹெல்மட்டைக் கழற்றி முகம் கழுவுங்கள். கார் அதற்குள் பத்துக் கிலோமீட்டர் தாண்டியிருக்கும்.

இரண்டாம் நாளும் கடைசி நாற்பது கிலோமீட்டரும்

ஈப்போவிலிருந்து கோலகங்சார் வந்ததும் அவசரப்படாமல் ஊருக்குள் ஒரு திருப்பம் போட்டு வாருங்கள். 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. நாட்டிலேயே பழைய ரப்பர் மரம் அதுதான். நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிய தொழிலின் தொடக்கம் அந்தத் தடித்த அடிமரத்தில் இருக்கிறது. ரப்பர்க் கன்று நட்டால் முதல் வெட்டுக்கு ஐந்தாறு வருடமாவது ஆகும். நான் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு பாட்டில் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கும்வரை நிற்பேன்.

பாடாங் ரெங்காஸ், புக்கிட் பெராப்பிட் மேட்டுச் சாலையில் வளைவு அதிகம், லாரியும் அதிகம். அதைத் தாண்டினால் தைப்பிங், பிறகு பாகான் செராய், பாரிட் புந்தார் என்று வயல்வெளி. இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். சாலை நேர்க்கோடு, காற்று இதமாக இருக்கும், பலகைகளில் பட்டர்வொர்த் என்று வரத் தொடங்கிவிடும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்களே, அந்த நிலைமை. முந்நூறு கிலோமீட்டர் ஒழுங்காக வந்தவரும் இந்த நாற்பதில் முறுக்குவார். நிபோங் திபாலைத் தாண்டினால் தொழிற்பேட்டை வண்டிகளும் சேர்ந்துகொள்ளும், ஓட்டுகிற கையோ களைத்திருக்கும்.

அதற்காகவே டேப்பில் நிபோங் திபாலை எழுதச் சொன்னேன். பட்டர்வொர்த் அரைமணித் தொலைவுதான் என்று தெரிந்தும் அங்கே இறங்குங்கள். இந்த ஒரு நிறுத்தத்தை மட்டும் இருபது நிமிடமாக வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்து ஒரு தே ஓ குடியுங்கள். எழுந்து போக மனம் அடித்துக்கொள்ளும். அந்தத் தவிப்பு அடங்கிய பிறகு ஏறுங்கள்.

தீவுக்குப் பாலத்தில் போகலாம், 13.5 கிலோமீட்டர். 2019 தொடக்கத்திலிருந்து மோட்டாருக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும், களைத்த கைக்கு அது வேண்டாம். பட்டர்வொர்த் துறையில் ஃபெரி பிடியுங்கள். கார்களை இப்போது ஏற்றுவதில்லை, நடந்து போகிறவர்களும் சைக்கிளும் மோட்டாரும்தான். வரிசையில் நின்று, வண்டியைத் தள்ளி ஏற்றி, இஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும்போது சூட்டில் இரும்பு ‘டிக் டிக்’ என்று ஆறுகிற சத்தம் கேட்கும். எதிரே ஜார்ஜ்டவுன் கட்டடங்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வரும். அங்கே இறங்கியதும் முதல் வேலையாக வீட்டுக்குக் கடைசி ஊர்ப் பெயரை அனுப்புங்கள்.

மீட்டருக்குக் கீழே இருக்கும் டேப்பைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். இரண்டு நாள் ஓய்வெடுத்து, சங்கிலிக்கு எண்ணெய் போட்டு, காலையில் டயர் காற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அதே ஊர்களைக் கீழிருந்து மேலாகப் படித்துக்கொண்டு வரலாம்.